அம்மிணிக்கு லடாக் பக்கம் ஜியாலஜிஸ்ட் வேலை – அனுப்பலாமுங்களா?

ஊத்துக்குளி வெண்ணெய் · 14 ஏப்ரல் 2024, இரவு 9:10

புள்ள யூபிஎஸ்சி ஜியோ சயின்டிஸ்ட் பரீட்சை பாஸ் பண்ணி ஜி.எஸ்.ஐ.ல (மத்திய சர்க்காரோட பாறை, கனிம ஆய்வுத் துறை) சேர்ந்து ஐதராபாத்துல டிரெய்னிங்ல இருக்குதுங்க. போஸ்டிங் ஜம்முன்னு வந்திருக்குது. கோடையில லடாக்ல கேம்ப் போடுவாங்களாம். சம்பளம் நல்ல சம்பளம். ஆனா ஒறம்பரை பூராவும் "பொட்டப்புள்ளைய அத்தனை தூரம், அந்தக் குளுருல, கல்லுப் பொறுக்கறதுக்கா அனுப்பறீங்க"ங்கறாங்க. நம்ம பக்கமே கல்லு இல்லீங்களா? அந்த வேலை பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க. வீட்ல தெனமும் சண்டை.

சிவன்மலை அடிவாரம் · 14 ஏப்ரல், இரவு 10:02

அனுப்புங்க.

1984-ல அதே ஜி.எஸ்.ஐ.ல சேர்ந்து 2020-ல ரிட்டயர் ஆனவன் நான். லக்னோ ஆபீஸ், அதுல அஞ்சு கோடை லடாக். குளுரெல்லாம் ஒரு விஷயமே இல்ல. 18,380 அடி உசரத்துல கர்துங் லா கணவாய்ல நின்னு போட்டோ எடுத்தவன், உசுரோடதான் காங்கேயத்துல உக்காந்து டைப் அடிச்சிட்டிருக்கேன். நம்ம பக்கம் கல்லு இருக்குது, எச்சாவே இருக்குது. மத்திய சர்க்கார் வேலைன்னா சொன்ன எடத்துக்குப் போகோணும், அவ்வளவுதான்.

சிவன்மலை அடிவாரம் · 15 ஏப்ரல், காலை 6:40

ராத்திரி தூக்கம் வரல, பழைய அட்லஸ எடுத்து வெச்சேன். காங்கேயமும் லேயும் ஒரே தீர்க்கரேகைல கிடக்குது! ரெண்டுமே கிழக்கே 77 டிகிரி 34 நிமிஷத்தை ஒட்டி. முப்பத்தாறு வருஷம் மேப்போட குடித்தனம் பண்ணியும் இது என் கண்ணுல படவே இல்ல. நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னு வடக்க பார்த்து, அக்கட்ட இக்கட்ட திரும்பாம நடந்தா லே கடைவீதி. அட்சரேகைக் கணக்குல 23 டிகிரிக்குச் சித்த மேல, 2,570 கிலோமீட்டர் சொச்சம். ஒறம்பரைகிட்டச் சொல்லுங்க, புள்ள எங்கயும் திசைமாறிப் போகலைன்னு.

சிவன்மலை அடிவாரம் · 15 ஏப்ரல், இரவு 8:25

கல்லுப் பொறுக்கற வேலையான்னா, ஆமா, கல்லுப் பொறுக்கற வேலைதான். எங்கம்மா ஊருக்குள்ள "பையன் கவர்மெண்டுல கல்லு ஒடைக்கறான்"னே சொல்லிட்டிருந்துச்சு. பொண்ணு பார்க்கப் போன வீட்ல பாறைக்குழில கணக்கு எழுதற பையன்னு நெனச்சுட்டாங்க.

நாள் எப்படிப் போகும்னு சொல்றேன். கையில சர்வே ஆஃப் இந்தியா ஷீட், அதுல ரெண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். நம்ம பக்கத்து ஷீட்டு ஒண்ணு 750 சதுர கிலோமீட்டர் வரும். லடாக் பக்கம் 640தான். வடக்க போகப் போகத் தீர்க்கரேகை ஒண்ணோடொண்ணு நெருங்கி வருது, அதனால. கொறைச்சல்னு சந்தோசப்படாதீங்க, அது படுக்கைவாட்டுக் கணக்கு. அங்க நெலம் நட்டுக்கல்லாட்ட நிக்குது.

காத்தால ஓடையப் புடிச்சு ஏறணும். பாறை வந்தா சுத்தியல்ல மூலையத் தட்டி, புதுசா ஒடைஞ்ச மொகத்துல எச்சி தொட்டுத் தடவி, லென்ஸக் கண்ணோட ஒட்ட வெச்சுக் கல்லை மேல கொண்டுவந்து பாக்கோணும். புதுசா வந்தவங்க கல்லைக் கீழ வெச்சுட்டு லென்ஸைக் கொண்டு போவாங்க. ஒண்ணும் தெரியாது. மழை வெயில்ல கறுத்த தோலை நம்பி முடிவு சொன்னா நூத்துக்குத் தொண்ணூறு தடவை தப்புத்தான். அடுக்கு எந்தத் திசைல ஓடுது, எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாயுதுன்னு காம்பஸ்ல அளந்து டைரில எழுதி, சாம்பிளைத் துணிப்பைல போட்டு நம்பர். பொழுதோட முதுகுல பத்துப் பன்னெண்டு கிலோ ஏறியிருக்கும். குளிர்காலத்துல ஆபீஸ் வந்து அதே கல்லை 0.03 மில்லிமீட்டர் தகடாத் தேய்க்கச் சொல்லி மைக்ராஸ்கோப்புல பாக்கோணும்.

இப்ப ஜியோகெமிக்கல் மேப்பிங்கும் உண்டு, எந்த எடத்து மண்ணுல என்னென்ன தனிமம் இருக்குதுன்னு வரைபடம் போடறது. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கட்டம், கட்டத்துக்கு ஒரு பை ஓடை மண்ணு, நாலு கட்டத்து மண்ணைக் கலந்து ஒண்ணாக்கி லேபுக்குப் போகும். ஷீட்டுல கட்டம் போடறதுக்கு ஸ்கேல் போதும். மலை முகட்டுல விழுந்த கட்டத்துக்கும் மண்ணு வேணும்.

சிவன்மலை அடிவாரம் · 17 ஏப்ரல், பிற்பகல் 3:15

ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, கர்துங் லா 18,380 அடி இல்ல. அங்க நட்டு வெச்ச போர்டுல அப்படித்தான் பல வருஷம் இருந்துச்சு. சரியான அளவு 5,359 மீட்டர், 17,582 அடி. அளவெடுத்துச் சம்பளம் வாங்குனவன் போர்டைப் பார்த்து எழுதியிருக்கேன். வெக்கம்.

ரெண்டாவது, குளுரு ஒரு விஷயமே இல்லைன்னது. குளுரு நெசமாவே பெருசில்ல. காத்து இல்லாததுதான். லே 3,500 மீட்டர், அங்க மூச்சுக்கு வர்ற பிராணவாயு நம்மூருல வர்றதுல மூணுல ரெண்டு பங்கு. 1986 ஜூன்ல முதல் தடவை போனேன். ஸ்ரீநகர்லருந்து 434 கிலோமீட்டர், கார்கில்ல ராத்தங்கல், ரெண்டு நாள் ஜீப். போய் எறங்குன அன்னைக்கே டென்ட் மூட்டை, மண்ணெண்ணெய் டின்னெல்லாம் நானே எறக்குனேன். கூட இருந்த பெரியவர் "உக்காருய்யா"ன்னாரு. தோட்டத்துல கடலை மூட்டை தூக்குன ஒடம்புங்கற திமிரு. ராத்திரி பத்து மணிக்குத் தலைய உரல்ல போட்டு இடிக்கறாப்புல வலி, வாந்தி, படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தா தல சுத்துது. மிலிட்டரி டாக்டர் வந்து பார்த்துட்டு எனக்கு மருந்து கொடுத்தாரு, அந்தப் பெரியவருக்குத் திட்டுக் கொடுத்தாரு. மூணு நாள் எந்திரிக்கல.

புள்ளகிட்டச் சொல்லுங்க: போனதும் ரெண்டு நாள் சும்மா படுத்துக் கிடக்கறதும் டியூட்டிதான்.

டி.என். 34 ரிக் · 17 ஏப்ரல், இரவு 9:50

நாங்க ராஜஸ்தான் வரைக்கும் வண்டி ஓட்டிப் போர் போட்டிருக்கோம், லடாக்குக்கு இன்னும் யாரும் கூப்புடல. அண்ணா, அங்க எத்தனை அடில தண்ணி? உங்க தோட்டத்துக்கு யாருங்க போர் போட பாயிண்ட் பார்த்தது? 😀

சிவன்மலை அடிவாரம் · 18 ஏப்ரல், காலை 7:05

திருச்செங்கோட்டுக்காரங்க வாயே வாய்.

அங்க ஐஸ் உருகி ஓடைல வருது, அதை வாய்க்கால் வெட்டி வயலுக்குத் திருப்பறாங்க. முறை வெச்சுத் தண்ணி விடறதுக்கு ஊருல ஒருத்தரை நேமிப்பாங்க, 'சுர்பொன்'னு பேரு. எந்த வீட்டு பார்லிக்கு எத்தனை நேரம்ங்கறது அவரு சொல்றதுதான். நம்ம பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கடைமடைக்கு அப்படி ஒரு ஆளு இருந்தா வெள்ளகோயில் பக்கம் பாதிச் சண்டை கொறையும்.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், நீங்க விடமாட்டீங்க. ரிட்டயர் ஆகி வந்ததும் மச்சான் தோட்டத்துக்கு நான்தான் பாயிண்ட் பார்த்தேன். செயற்கைக்கோள் படத்துல பிளவுக்கோடு பார்த்து, காம்பஸ் வெச்சு, கல்லு நட்டு. 850 அடி. புகைதான் வந்துச்சு. மச்சான் ஒண்ணும் சொல்லல, வெத்தலையத் துப்பிட்டுப் போய்ட்டான். மறுவாரம் தேங்காய் வெச்சுப் பாக்கற ஒருத்தரைக் கூட்டியாந்தான். கையில தேங்காய் நிமிந்து நின்ன எடத்துல 260 அடிக்கு ரெண்டு இஞ்சுத் தண்ணி. நான் வெச்ச எடத்துலருந்து நாப்பது அடிகூட இல்ல. கருங்கல்லுல தண்ணி பிளவுலதான் நிக்கும், பிளவு சாஞ்சிருந்தா நாப்பது அடி தள்ளுனாலே தப்பிப்போகும், அந்தச் சாய்வை நான் கணக்குல எடுக்கல. இதை மச்சானுக்கு வெளக்கிச் சொன்னேன். "அது சரி, காசு?"ன்னான்.

சிவன்மலை அடிவாரம் · 20 ஏப்ரல், மாலை 5:30

நேத்து ஓட்டுப் போட வரிசைல நின்ன வெயில்லயே லடாக் நெனப்பு வந்துருச்சு. சாப்பாட்டைப் பத்திச் சொல்லாம விட்டுட்டேன்.

கிழக்கு லடாக்குல பூகான்னு ஒரு பள்ளத்தாக்கு, 4,400 மீட்டர் உசரம். தரைலருந்து கொதிதண்ணி பொங்கிட்டே இருக்கும், ஓரமெல்லாம் வெங்காரம் பூத்து உப்பளமாட்ட வெள்ளையா கிடக்கும், கந்தக நாத்தம். பூமிச்சூட்டுல கரண்ட் எடுக்கறதுக்காக 1970-கள்லயே அங்க துளை போட்டுப் பார்த்திருக்காங்க. அந்த உசரத்துல தண்ணி 85 டிகிரிலயே கொதிச்சுரும். கொதிக்குதேன்னு பருப்பைப் போட்டா ராத்திரி பூரா கொதிக்கும், வேகாது. குக்கர் இல்லாம அங்க குடும்பம் நடத்த முடியாது.

1987-ல எங்க குக்கர் கேஸ்கெட் அறுந்துபோச்சு. அடுத்த வண்டி வர பத்து நாள். சமையல்காரர் கார்வால்காரர், ஜீப் டயர் டியூப்ப வட்டமா வெட்டி மாட்டுனாரு. விசில் வந்துச்சு. எல்லாரும் கை தட்டுனோம். அன்னைக்கு நான் அரிசிம்பருப்பு செஞ்சு போடறேன்னு வேற சொல்லியிருந்தேன். சின்ன வெங்காயம் லே-ல கிடைக்கல, பெரிய வெங்காயம், ஊர்லருந்து அம்மா கட்டிக் கொடுத்த மொளகாய். தொறந்தா டென்டெல்லாம் ரப்பர் வாசம். பத்து நாளும் அதையே தின்னோம்.

இன்னொரு நாள் சாம்பிள் துணிப்பைல அரிசியக் கட்டிச் சுனையில தொங்கவுட்டுப் பார்த்தோம். வேகமா வேகல, ஆனா வெந்துச்சு, முக்கா வேக்காடு. கல்லுக்கு ஒட்டற நம்பரே அந்தப் பைக்கும் போட்டு, டைரில 'மாதிரி: பொன்னி'ன்னு எழுதி வெச்சேன்.

அங்கத்து ஆளுக டீயில வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைஞ்சு கொடுப்பாங்க. கேள்வி கேட்டவரு பேருக்கு ரொம்பப் பொருத்தம். முதல் வாய் கஷ்டம். மூணாவது நாள் நாமளே கேட்டு வாங்கிக் குடிப்போம்.

நொய்யல்கரை · 21 ஏப்ரல், காலை 11:12

லித்தியம் எல்லாம் அங்கதானே கிடைச்சுது? புள்ள போய் ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்தா போதுமே.

சிவன்மலை அடிவாரம் · 21 ஏப்ரல், பிற்பகல் 1:40

அது ஜம்மு பக்கம் ரியாசி மாவட்டம், லடாக் இல்ல. 2023 பிப்ரவரில 59 லட்சம் டன்னுன்னு அறிவிச்சாங்க. அது உத்தேச மதிப்பீடு, இருக்கலாம்ங்கற படி. தோண்டி எடுத்த கணக்கு கிடையாது. ஏலம் விட்டதுல கேக்க ஆள் பத்தாம இந்த மார்ச்சுல ரத்தும் ஆயிருச்சு.

சிவன்மலை அடிவாரம் · 22 ஏப்ரல், இரவு 9:00

எதுக்கு அந்த வேலைக்கு ஆசைப்படறாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நானே சொல்லிக்கறேன்.

நிடார்னு ஒரு ஊர், பூகாவுக்குக் கொஞ்ச தூரம். மலைச்சரிவுல கறும்பச்சைல உருண்டை உருண்டையா கல்லு, திருப்பூர் கொடோன்ல பஞ்சு மூட்டை அடுக்குனாப்புல ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கி உக்காந்திருக்கும். தண்ணிக்கு அடியில எரிமலைக்குழம்பு வெளிய வந்து ஒறைஞ்சா மட்டும்தான் அந்த உருவம் வரும், இங்க அந்தத் தண்ணி கடலு. அதாவது கடல் தரை. நான் கைய வெச்ச எடம் 4,500 மீட்டர் உசரம். இந்தியா போய் ஆசியாவை முட்டுனதுல நடுவுல இருந்த கடல் ஒடுங்கி, தரை மட்டும் மேல சொருகிக்கிச்சு. அஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி. காலேஜ்ல படிச்சதுதான். கைய வெச்சப்பதான் நம்பிக்கை வந்துச்சு.

அதுக்காக நம்ம கல்லு எளப்பமில்ல. சிவன்மலையச் சுத்திக் கிடைக்கற குருந்தக்கல்லு, சாணை புடிக்கறவங்க வெச்சிருந்தது, அந்தத் தமிழ்ப் பேருதான் உலகம் பூரா 'கொரண்டம்' ஆச்சு. சிவன்மலைப் பாறையப் பத்தி ஹாலண்டுன்னு ஒரு வெள்ளைக்காரர் 1901-லயே தனியா ஒரு அறிக்கை போட்டுட்டாரு. பக்கத்துல படியூர்ல நீலப்பச்சைக் கல்லு வெட்டியிருக்காங்க. லடாக் கருங்கல்லுக்கு வயசு அஞ்சாறு கோடி. நம்ம சிவன்மலை 250 கோடி.

ஊத்துக்குளி வெண்ணெய் · 23 ஏப்ரல், இரவு 10:31

அப்பா ஐடில நான்தான் எழுதறேன், மக. அங்கிள், 250 கோடி சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய பாறைக் கணக்கு. சிவன்மலைல இருக்கற சையனைட்ங்கற பாறை சுமார் 59 கோடி. அதைச் சுத்தியிருக்கற பாறைக்குள்ள அது பின்னாடி வந்து நுழைஞ்சது. மத்தபடி எல்லாம் படிச்சேன். அரிசியச் சுனையில கட்டித் தொங்கவுட்டது சூப்பர்.

சிவன்மலை அடிவாரம் · 23 ஏப்ரல், இரவு 10:44

சரி கண்ணு. 59 கோடிதான். வீட்டு ஜன்னல்ல தெரியற மலைக்கே வயசு தப்பாச் சொல்லியிருக்கேன். இந்த இழைல என் மார்க் இப்ப நாலுக்கு ஒண்ணு.

ஊத்துக்குளி வெண்ணெய் · 2 மே, இரவு 9:20

நெசமாச் சொன்னா சண்டை குளுரப் பத்தி இல்லீங்க. ஒரு ஜாதகம் பொருந்தியிருக்குது, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் பண்றவங்க. கல்யாணத்துக்கு அப்பறம் வேலைய விட்டரோணுங்கறாங்க. போகாம இருந்தா இப்பவே முடிச்சரலாம்ங்கறாங்க.

சிவன்மலை அடிவாரம் · 3 மே, காலை 8:10

அப்ப இத்தனை நாள் எங்கிட்டக் குளுரு, காத்து, பருப்புன்னு வாங்குனது எதுக்கு?

பொட்டப்புள்ளைன்னு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றேன். 1983-84-லயே சுதீப்தா சென்குப்தாங்கற ஜியாலஜிஸ்ட் அண்டார்டிகாவுக்கே போய்ட்டு வந்தாங்க. அது பேப்பர்ல வந்தது. பேப்பர்ல வராததைச் சொல்றேன். எங்கூட வேலை பார்த்த ஒடிசாப் பொண்ணு ஒருத்தி, ஒதுங்க எடம் இல்லைன்னு காத்தால இருந்து தண்ணியே குடிக்க மாட்டா. நாங்க ஒருத்தரும் கவனிக்கல, அவளும் சொல்லல. அந்த உசரத்துல தண்ணி குடிக்காட்டி சீக்கு சீக்கிரம் புடிக்கும். மயங்கி விழுந்த பொறவுதான் தனியா ஒரு பாத்ரூம் டென்ட்டு வந்துச்சு. கேம்ப் போடற முதல் நாளே வாயத் தொறந்து கேக்கச் சொல்லுங்க. வெக்கப்பட்டா அந்த சீசன் பூரா அவஸ்தை.

ஜாதகத்தைப் பத்தி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. வீட்டுக்காரி பக்கத்துல இருக்குது, அதுக்கு இருக்குது. "அஞ்சு கோடையும் மோட்டார் சுட்டா நானு, பசங்களுக்குக் காய்ச்சல்னா நானு, மாடு கன்னு போட்டா நானு. இவரு அங்க அரிசியக் கட்டித் தொங்கவுட்டு வெளையாடியிருக்காரு. என்னைய ஒருத்தரும் அனுபவம் கேக்கலை"ன்னு எழுதச் சொல்லுது. எழுதிட்டேன்.

சிவன்மலை அடிவாரம் · 4 மே, நள்ளிரவு 12:50

ஒண்ணு சொல்லாம விட்டது இருக்குது.

1988 ஆகஸ்ட். பூகா கேம்ப். எட்டுப் பத்து நாளைக்கு ஒருக்கா லே-லருந்து லாரி வரும், உருளைக்கெழங்கு, மண்ணெண்ணெய், கடுதாசி எல்லாம் அதுலதான். அன்னைக்கு டிரைவர் உப்பு மூட்டைய எறக்கி வெச்சுட்டுச் சட்டைப்பைலருந்து ஒரு தந்தி எடுத்துக் கொடுத்தாரு. ஒம்பது நாள் பழசு. அப்பா தோட்டத்துல மோட்டார் போடப் போனவரு வரப்புலயே விழுந்திருக்காரு. நான் படிக்கறப்பவே எடுத்து அடக்கம் பண்ணி ஒரு வாரம் தாண்டிருச்சு.

லாரி மறுநாள் காத்தாலதான் திரும்பும். நான் யார்கிட்டயும் சொல்லல. சுத்தியலை எடுத்துட்டு ஓடையில ஏறிட்டேன். ஏன்னு கேட்டா இன்னைக்கும் தெரியாது. லக்னோவுல டைரியை ஒப்படைக்கறப்ப அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். தேதி, எடம், பாறைப் பேரு, ஓட்டம் வடமேற்கு, சாய்வு 50 டிகிரி. கையெழுத்து கோணவே இல்ல.

இப்ப அங்க டவர் வந்துருச்சு, எல்லாப் பள்ளத்தாக்குலயும் இல்லைன்னாலும். புள்ளைக்கு அந்த நெலமை வராது. இதைச் சொல்லிட்டு "அனுப்புங்க"ன்னா நீங்க ஒரு மாதிரி கேட்டிருப்பீங்க, சொல்லாம இருந்ததால வேற மாதிரி கேட்டீங்க. அதனாலதான் சொல்றேன்.

டி.என். 34 ரிக் · 4 மே, காலை 6:15

அண்ணா, நான் நாக்பூர்கிட்ட ரிக்குல இருந்தப்பதான் எங்கப்பிச்சி (அம்மாவோட அப்பா) போனாங்க. மூணாம் நாள் வந்தேன். போர்ல தண்ணி வந்த நாளு.

சிவன்மலை அடிவாரம் · 5 மே, இரவு 7:30

முதல் நாள் "அனுப்புங்க"ன்னு ஒத்த வார்த்தைல எழுதினேன் பாருங்க, அதை வாபஸ் வாங்கறேன். போகாதன்னு சொல்ல வரல. அது என்ன பார்சலா நாம அனுப்பறதுக்கு? சிவன்மலைக்கு வயசு திருத்துன புள்ளைக்குத் தெரியாதா? பரீட்சை எழுதுனது அது. இந்த இழைல அதுகிட்ட ஒருத்தரும், நான் உட்பட, ஒரு கேள்விகூடக் கேக்கல.

ஊத்துக்குளி வெண்ணெய் · 19 மே, இரவு 8:45

கேட்டனுங்க. "ஜூன் 2 ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சுப்பா"ங்குது. எப்பப் போட்டேன்னா ஏப்ரல் 10-ங்குது. நான் இங்க கேள்வி போட்டதே 14-ந் தேதி. திருப்பூர்க்காரங்களுக்குப் புள்ளையோட அம்மாவே போன் போட்டு வேண்டாம்னுட்டாங்க.

சிவன்மலை அடிவாரம் · 19 மே, இரவு 9:02

😀

கொண்டு போகச் சொல்லுங்க: பத்து எக்ஸ் லென்ஸ் கழுத்துக் கயித்தோட, ஒதட்டுக்குத் தடவ தேங்காயெண்ணெய், நல்ல பூட்ஸ் ரெண்டு ஜோடி கெட்டிச் சாக்ஸோட, கொள்ளு ரெண்டு கிலோ. குக்கருக்கு கேஸ்கெட் ரெண்டு. டியூப் வெட்ட வேண்டாம்.

ஊத்துக்குளி வெண்ணெய் · 30 ஜூன், இரவு 9:15

லே போய்ச் சேர்ந்துருச்சுங்க. ரெண்டு நாளா படுத்தே இருக்குதாம், நீங்க சொன்னீங்கன்னு. வெண்ணெய் டீ வாந்தி வருதுங்குது.

சிவன்மலை அடிவாரம் · 30 ஜூன், இரவு 9:21

மூணாவது நாளும் படுக்கட்டும். கேஸ்கெட்?

ஊத்துக்குளி வெண்ணெய் · 30 ஜூன், இரவு 9:40

ஜம்மு ரூம்லயே வெச்சுட்டுப் போயிருச்சாம்.

சிவன்மலை அடிவாரம் · 30 ஜூன், இரவு 9:43

கேம்புக்குக் கெளம்பறதுக்குள்ள லே கடைவீதில வாங்கச் சொல்லுங்க. பழைய கேஸ்கெட்டக் கையில எடுத்துட்டுப் போய் அளவு காட்டி வாங்கோணும். வாயில சொன்னா மூணு லிட்டருக்குக் கொடுத்துருவாங்க.